லிட்டரில் எண்ணுங்கள்: காம்பாக்ட் கார் வாங்கும் முன் ஒரு கணக்கு

வணக்கம் நண்பர்களே. டொயோட்டா கொரோலாவா, ஹோண்டா சிவிக்கா, மஸ்டா 3-ஆ? எதில் மைலேஜ் அதிகம், எதில் பிக்கப் நன்றாக இருக்கும், கொடுக்கிற காசுக்கு எது தகும்? பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னை இதைத்தான் கேட்கிறார்கள். இன்றைக்கு அதை உட்கார்ந்து பேசிவிடலாம். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். வகுக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் மைலேஜ். நாம் எல்லாரும் ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்றே பேசிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கமே நம் கணக்கைக் குழப்பிவிடுகிறது. ஒரு வண்டி லிட்டருக்கு 10 கொடுக்கிறது. அதை விற்றுவிட்டு 12 கொடுக்கிற வண்டி வாங்குகிறீர்கள். உங்கள் நண்பர் 20 கொடுக்கிற வண்டியை விற்றுவிட்டு 30 கொடுக்கிற வண்டி வாங்குகிறார். யாருக்கு அதிக மிச்சம்? கேட்டவுடன் நண்பருக்குத்தான் என்று தோன்றும். 100 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பழைய வண்டிக்கு 10 லிட்டர், புதியதற்கு 8.3. நண்பருடைய பழைய வண்டிக்கு 5 லிட்டர், புதியதற்கு 3.3. இரண்டு பேருக்கும் மிச்சம் ஒரே அளவுதான், சுமார் 1.7 லிட்டர். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் இதைத்தான் எழுதினார்கள். மைலேஜ் எண்ணைப் பார்த்து மக்கள் எரிபொருள் மிச்சத்தைத் தவறாகவே கணிக்கிறார்கள் என்று சோதனை செய்து காட்டினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து என் நோட்டில் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது மட்டும்தான்.

இனி அதே கண்ணோடு வண்டிகளைப் பார்ப்போம். கம்பெனி விளம்பரத்தில் போடுகிற எண்ணை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ. வெளியிடுகிற எண்களை எடுத்திருக்கிறேன். நகரத்துக்குத் தனி எண், நெடுஞ்சாலைக்குத் தனி எண் என்று பிரித்துத் தருகிறார்கள். ஏசி போட்டு ஓட்டுவது, குளிரில் ஓட்டுவது, வேகமாக ஓட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

2025 மாடல் கொரோலாவில் 2 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு நகரத்தில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 லிட்டர், நெடுஞ்சாலையில் சுமார் 5.7 லிட்டர். அதே கொரோலாவின் ஹைபிரிடுக்கு, அதாவது பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியும் மின்மோட்டாரும் உள்ள வண்டிக்கு, நகரத்தில் 4.4, நெடுஞ்சாலையில் 5.1. கவனித்தீர்களா? பெட்ரோல் வண்டி நகரத்தில் அதிகம் குடிக்கிறது, ஹைபிரிட் நெடுஞ்சாலையில் அதிகம் குடிக்கிறது. தலைகீழ்.

காரணம் எளிது. நகரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெட்ரோல் வண்டி தன் வேகத்தை பிரேக் பேடில் சூடாக்கி வீணடிக்கிறது. ஹைபிரிட் அதில் ஒரு பங்கைப் பிடித்து பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜினையும் அணைத்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை இல்லை, அதனால் பிடித்து வைக்கவும் ஒன்றும் இல்லை. அங்கே எரிபொருளைத் தின்பது காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-இல் போகிறவர் 120-க்கு ஏற்றினால் காற்று பிடித்து இழுக்கிற விசை சுமார் 78 சதவீதம் கூடிவிடும். ஹைபிரிடாக இருந்தாலும் காற்றுக்குக் கணக்கு ஒன்றுதான்.

சரி, இப்போது மிச்சத்தைப் பார்க்கலாம். ஹைபிரிட் எடுத்தால் நகரத்தில் 100 கிலோமீட்டருக்கு 2.9 லிட்டர் மிச்சம் (மேலே சொன்ன எண்களை ஒரு தசமத்துக்குச் சுருக்கியிருக்கிறேன், அதனால்தான் 3 வரவில்லை). நெடுஞ்சாலையில் 0.6 லிட்டர். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால், எல்லாமே நகர ஓட்டமாக இருந்தால் சுமார் 435 லிட்டர் மிச்சம். எல்லாமே நெடுஞ்சாலை ஓட்டமாக இருந்தால் 95 லிட்டர்கூட இல்லை. ஒரே வண்டி, ஒரே பேட்டரி, நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ‘ஹைபிரிட் வாங்கலாமா’ என்று யாராவது கேட்டால் நான் உடனே ‘எங்கே ஓட்டுகிறீர்கள்’ என்று திருப்பிக் கேட்பது இதனால்தான்.

அப்புறம் விலை. ஹைபிரிடுக்கு ஷோரூமில் கூடுதலாக ஒரு தொகை கேட்பார்கள். அந்தத் தொகையைப் பணமாக வைத்துக்கொண்டு யோசித்தால் முடிவுக்கு வரவே முடியாது. அதை உங்கள் பெட்ரோல் பங்கில் இன்று ஒரு லிட்டர் என்ன விலையோ அதால் வகுத்துவிடுங்கள். லிட்டரில் ஒரு எண் வரும். உதாரணத்துக்கு 1,500 லிட்டர் என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அது மூன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடும். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்குப் பதினாறு வருடம் ஆகும். அதுவரை அந்த வண்டியை வைத்திருக்கப் போகிறீர்களா? பெரும்பாலானவர்களின் ஓட்டம் இரண்டும் கலந்ததுதான். உங்கள் ஓட்டத்தில் எத்தனை பங்கு நகரம் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் உங்கள் எண் கிடைத்துவிடும்.

இப்போது பிக்கப். விளம்பரத்தில் பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எத்தனை நொடி என்று போடுவார்கள். சிக்னலில் நின்று அப்படிக் கிளம்புகிறவர் யார்? நமக்கு இழுவை தேவைப்படுவது ஒரே ஒரு நேரத்தில்தான். இருவழிச் சாலை, முன்னால் 60-இல் ஒரு லாரி, வண்டிக்குள் நான்கு பேர், டிக்கி நிறையப் பெட்டி, ஏசி ஓடுகிறது. எதிரே சாலை காலியாகிறது. காலை அழுத்துகிறீர்கள். அந்த நொடியிலிருந்து லாரியின் முன் சக்கரத்தைத் தாண்டி உங்கள் பக்கத்துக்குத் திரும்புகிற வரைக்கும் வண்டி என்ன செய்கிறது? நான் வண்டி ஓட்டிப் பார்க்கும்போது பார்ப்பது இதை மட்டும்தான்.

இந்த இடத்தில் இந்த வண்டிகள் ஒன்றுக்கொன்று நன்றாகவே வேறுபடுகின்றன. மஸ்டா 3-இல் டர்போ இல்லாத 2.5 லிட்டர் இன்ஜின். 186 ஹெச்.பி., 252 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. கியர்பாக்ஸ் பழைய பாணி ஆறு கியர் ஆட்டோமேடிக். காலை அழுத்தினால் இரண்டு கியர் கீழே இறங்குவது காலுக்குத் தெரியும், அப்புறம் ஒரே சீராக இழுக்கும். எப்போது எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிவதில் ஒரு தைரியம் இருக்கிறது. அதற்கு விலையாக இந்த மூன்று பெயர்களில் பெட்ரோல் அதிகம் குடிப்பதும் இதுதான்.

பெட்ரோல் கொரோலாவில் 169 ஹெச்.பி., கியர்பாக்ஸ் சி.வி.டி., அதாவது தனித்தனி கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடுவது. கிளம்பும்போது இழுவைக்காக உள்ளே நிஜமாகவே ஒரு முதல் கியர் வைத்திருக்கிறார்கள், வேகம் எடுத்த பிறகு பெல்ட்டுக்கு மாறிக்கொள்ளும். நகரத்தில் கிளம்புவது சுறுசுறுப்பாக இருப்பது அதனால்தான். ஆனால் அந்த லாரியைத் தாண்டும்போது இன்ஜின் ஒரே சத்தத்தில் கத்திக்கொண்டே இருக்கும், வேகம் பின்னாலேயே மெதுவாக வந்து சேரும். வண்டி தாண்டிவிடும், பயம் வேண்டாம். காதுக்குத்தான் கஷ்டம். ஹைபிரிட் கொரோலா 138 ஹெச்.பி.தான். மலை ஏற்றத்தில் முழு லோடோடு போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சிவிக் ஹைபிரிட். 200 ஹெச்.பி., 315 நியூட்டன் மீட்டர். இதில் பெரும்பாலான நேரம் சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார்தான். இன்ஜின் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜின் நேரே சக்கரத்தோடு சேரும். டொயோட்டாவின் முறை வேறு. அங்கே கோள் கியர் அமைப்பு ஒன்று இன்ஜின் சக்தியை எப்போதும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைச் சக்கரத்துக்கும் ஒரு பங்கை ஜெனரேட்டருக்கும் அனுப்பும். இரண்டிலுமே நாம் வழக்கமாகச் சொல்கிற கியர்பாக்ஸ் கிடையாது. ஆனால் காலை அழுத்தியதும் சிவிக்கில் மோட்டார் உடனே பிடித்து இழுக்கும், கியர் இறங்கட்டும் என்று காத்திருக்கும் அரை நொடிகூட இருக்காது. இவ்வளவு இழுவை இருந்தும் அதன் ஈ.பி.ஏ. எண் நகரத்தில் 4.7 லிட்டர், நெடுஞ்சாலையில் 5 லிட்டர். கொரோலா ஹைபிரிடோடு வைத்துப் பாருங்கள், நகரத்தில் 100 கிலோமீட்டருக்கு 0.3 லிட்டர்தான் அதிகம். 62 ஹெச்.பி. கூடுதலாகக் கிடைப்பதற்கு வருடத்துக்கு 45 லிட்டர் கொடுக்கலாமா? நான் கொடுப்பேன்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் நான் வைத்திருந்த வண்டியில் உலர் கிளட்ச் வகை டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடித்துத் தானாகக் கியர் மாற்றுவது. பேப்பரில் மைலேஜ் அருமை, கியர் மாறுவது மின்னல் வேகம். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒருநாள் மலைப்பாதையில் நெரிசல். நாற்பது நிமிடம் ஊர்ந்துகொண்டே போனோம், ஓரடி நகர்வதும் நிற்பதுமாக. திடீரென்று மீட்டரில் கியர்பாக்ஸ் சூடேறிவிட்டது, வண்டியை நிறுத்து என்று எச்சரிக்கை வந்தது. கிளட்ச் கருகிய வாசனை வண்டிக்குள் வரைக்கும் வந்துவிட்டது. பின்சீட்டில் அம்மா இருந்தார், பின்னால் வரிசையாக ஹாரன். சர்வீஸில் கேட்டபோது ‘இந்த வகை அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. உலர் கிளட்ச் ஊரும்போது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடும், அந்தச் சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் கிடையாது. ஆனால் அதை விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். அதனால் சொல்கிறேன், தினமும் நெரிசலில் ஊர்கிறவர்கள் மைலேஜ் எண்ணுக்கு முன்னால் கியர்பாக்ஸ் என்ன வகை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நெரிசல் நேரத்திலேயே டெஸ்ட் டிரைவ் எடுங்கள். காலியான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

மைலேஜ் எண்களைப் பற்றி இன்னும் ஒன்று. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது எந்தச் சோதனையில் வந்த எண் என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் முன்பு இருந்த என்.இ.டி.சி. சோதனை 20 நிமிடம், 11 கிலோமீட்டர், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக 2017-இல் வந்த டபிள்யு.எல்.டி.பி. சோதனை அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், மணிக்கு 131 வரை வேகம் போகும். அதே வண்டிக்குப் பழைய சோதனையில் கிடைத்த எண் அழகாக இருக்கும், சாலையில் கிடைக்காது. இரண்டு வண்டியை ஒப்பிடும்போது இரண்டு எண்ணும் ஒரே சோதனையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

உங்கள் வண்டியின் உண்மையான எண் வேண்டுமா? டேஷ்போர்டு காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். நாசில் முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே மாதிரி நிரப்பி, போட்ட லிட்டரை நூறால் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்துவிடுங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவு செய்ய முடியாது, மூன்று டேங்கின் சராசரி எடுங்கள். சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். டயர் சூடாகும் முன், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

விலை என்று வரும்போது சக்கர அளவையும் பாருங்கள். உயர்ந்த வேரியன்ட்டில் 18 அங்குலச் சக்கரம் போட்டு அழகாக நிறுத்தியிருப்பார்கள். நான்கு டயரும் தேய்ந்து மாற்றும் நாளில் 16 அங்குல டயரின் விலையை அதோடு வைத்துப் பாருங்கள். பெரிய சக்கரத்தால் மைலேஜும் சற்றுக் குறையும், பள்ளத்தில் விழுந்தால் குலுக்கலும் அதிகம். நான் எப்போதும் சின்னச் சக்கரம் உள்ள வேரியன்ட்டைத்தான் எடுக்கச் சொல்வேன்.

பழைய ஹைபிரிட் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். டொயோட்டா ஹைபிரிடுகள் பலவற்றில் பின்சீட்டுக்கு அருகே ஒரு சின்ன காற்றுத் துவாரம் இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. பையையோ போர்வையையோ வைத்து அடைத்துவிடுவார்கள், நாய் வளர்க்கிற வீடு என்றால் ரோமம் சேர்ந்துவிடும். காற்று போகாவிட்டால் பேட்டரி சூடாகும், சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். போன வாரம் ஒரு நண்பருக்காக வண்டி பார்க்கப் போனபோது நான் முதலில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தது அந்தத் துவாரத்தைத்தான். ஃபில்டர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படிந்திருந்தது. வண்டி வெளியே பளபளவென்று இருந்தது. அதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டோம்.