தலைவன் மட்டும் மாறினான்

நடுவர் அவர்களுக்கும் பினாங்குத் தமிழ் உறவுகளுக்கும் வணக்கம்.

பக்தி கமழும் சரித்திரக் காதல் கதைகளில் வாசகரைக் கட்டிப்போடுவது காதலா, பக்தியா? "காதலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தலபுராணம், அதை யார் படிப்பார்?" என்று கேட்டுவிட்டுப் போனார் எதிரணித் தலைவர். சரி, நான் பக்தியை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன்.

கல்கி 1944-இல் தொடராக எழுதத் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' நம்மில் பலர் படித்ததுதான். சளுக்கியர் தலைநகர் வாதாபியில் சிறைப்பட்ட ஆடலரசி சிவகாமி, இந்த ஊர் எரிந்த பிறகே வெளியே வருவேன் என்கிறாள். அவள் காதலித்த பல்லவன் மாமல்லன் படையோடு வர ஒன்பது வருடம் ஆகிறது. வந்தான், எரித்தான். ஆனால் அதற்குள் அவன் பாண்டிய இளவரசியின் கணவன், பிள்ளைகளுக்குத் தகப்பன். இந்த இடத்தில் பக்தியை உருவிவிட்டால் மிச்சம் என்ன? காத்திருந்து ஏமாந்த ஒருத்தி, அவ்வளவுதான். காதல் அவளை நடுத்தெருவில் விட்டது. காஞ்சி ஏகாம்பரநாதர் சன்னதி ஏற்றுக்கொண்டது.

அந்தச் சன்னதியில் அவள் ஆடுவது அப்பர் பாட்டுக்கு. "முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்" என்று தொடங்கும். முதலில் பேரைக் கேட்கிறாள், பிறகு ஊரைக் கேட்கிறாள், தாயையும் தந்தையையும் விடுகிறாள், தன்னையே மறக்கிறாள். இது காதலின் மொழிதானே என்று எதிரணி கேட்கும். ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் கதையின் தொடக்கத்தில் அப்பர் முன்னால் இதே பாட்டுக்கு ஆடியபோது அவள் மனதில் இருந்தவன் மாமல்லன். கடைசியிலும் அதே பாட்டுதான், தலைவன் மட்டும் மாறிவிட்டான். "தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே" என்ற வரி அப்போதுதான் தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. கல்கி அத்தனை பாகம் எழுதியது இந்த ஒரு வரிக்காகவே என்று நான் நம்புகிறேன்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், மண்ணெண்ணெய் விளக்கடியில், அம்மா இந்தக் கதையை வாசிக்க, பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாராம். மாமல்லனும் சிவகாமியும் தாமரைக் குளக்கரையில் பேசும்போது கை தன் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். போர் வந்தாலும் கை நிற்காது.

கடைசி அத்தியாயம். ஏகாம்பரநாதரைக் கணவனாக ஏற்றுச் சிவகாமி தாலி கட்டிக்கொள்ளும் இடம். பாட்டியின் கை நின்றுவிட்டது. காதலுக்கு நிற்காத கை, நடுவர் அவர்களே! முறத்தைத் தள்ளி வைத்து எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தண்ணீர்மலை முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். அம்மா புத்தகத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தார். கற்பூரம் முழுக்க எரிந்து அடங்கிய பிறகுதான் பாட்டி வந்து உட்கார்ந்து, "ம், மிச்சத்தைப் படி" என்றாராம்.