எண்ணிக்கையில் தெரியாத சேதம்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆணின் உடல்நிலையும் ஒரு காரணமாக இருக்கிறது. ஆனால் ஆணுக்குச் செய்யப்படும் சோதனை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: விந்தணுக்களை எண்ணுவார்கள், அவை நீந்துகின்றனவா, வடிவம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எல்லாம் இயல்பு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த 'இயல்பு' என்ற சொல்லின் மீது எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு.

அதற்குக் காரணம் சொல்லும் முன், எனக்குப் பிடித்த ஒரு வரலாற்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1977ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்னும் ஊரில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலை இயங்கிவந்தது. பயிர்களின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்து அங்கே தயாரானது. அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் தமக்குள் பேசிக்கொண்டிருக்கையில் ஒன்றைக் கவனித்தார்கள்: அண்மைக்காலத்தில் அவர்களில் ஏறத்தாழ எவருக்குமே குழந்தை பிறக்கவில்லை. கவனித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், ஆலை நிர்வாகமும் அன்று. தொழிலாளர்களே கவனித்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சோதித்துப் பார்த்தபோது, பலருக்கு விந்தணு மிகக் குறைவாக இருந்தது, சிலருக்கு அறவே இல்லை. நீண்ட காலம் அங்கே வேலை செய்தவர்களிடம் பாதிப்பு மிகுதியாக இருந்தது. இந்த மருந்து எலிகளின் விந்தகத்தைச் சுருங்கச் செய்கிறது என்ற ஆய்வு முடிவோ 1961லேயே அச்சில் வந்துவிட்டது! பதினாறு ஆண்டுகள் அது தாளிலேயே கிடந்தது. 1979இல் அமெரிக்கா அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு விந்தணு உற்பத்தி மீண்டது, சிலருக்கு மீளவே இல்லை.

இந்த நஞ்சு பிடிபட்டதற்குக் காரணம், அது எண்ணிக்கையையே வீழ்த்தியது. எண்ணிக்கையைத் தொடாமல் உள்ளே இருக்கும் டிஎன்ஏவை மட்டும் உடைக்கும் மாசு என்றால், அது எப்படிப் பிடிபடும்? என் ஐயம் இதுதான்.

செக் நாட்டின் வடபகுதியில் டெப்லிட்சே என்ற வட்டாரம் உண்டு. பழுப்பு நிலக்கரி எரிந்த புகை, குளிர்காலத்தில் மேலே எழ வழியின்றி அங்கே தரையோடு தங்கிவிடும். அவ்வூர் இளைஞர்கள் 36 பேரிடம், காற்று கெட்ட காலத்திலும் தெளிந்த காலத்திலுமாக, இரண்டாண்டுக் காலம் திரும்பத் திரும்ப விந்து மாதிரி பெற்றுச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடே ஒப்பிட்டார்கள் என்பது அதன் சிறப்பு. புகை மிகுந்த காலத்தில் விந்தணுக்களின் டிஎன்ஏ உடைவு கூடியிருந்தது. எண்ணிக்கை, நீந்துந்திறன், வடிவம் ஆகியவற்றில் மாற்றம் தென்படவில்லை. வழக்கமான சோதனைக்குப் போயிருந்தால், உறைகளை எண்ணிவிட்டு உள்ளிருக்கும் கடிதம் கிழிந்திருப்பதைப் பாராமல் விட்ட கதையாக அது முடிந்திருக்கும்.

ஏன் விந்தணு இவ்வளவு எளிதில் அடிபடுகிறது? தந்தையின் டிஎன்ஏவைச் சிறு தலைக்குள் அடக்குவதற்காக, அதைச் சுற்றியிருந்த பழைய புரதங்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டு, புரோட்டமின் என்ற புரதம் அதை இறுக்கிக் கட்டுகிறது. கட்டு முடிந்தபின் உடைவைப் பழுதுபார்க்கும் ஆற்றல் அந்த அணுவுக்கு இல்லாமலே போகிறது. மற்ற உயிரணுக்களில் தற்காப்பு நொதிகளைத் தாங்கியிருக்கும் கூழும் இதில் மிகச் சொற்பம். அதே வேளையில் அதன் சவ்வு, ஆக்சிஜனால் எளிதில் கெடக்கூடிய கொழுப்பு நிறைந்தது. புகையிலையோ, வாகனப் புகையோ, காட்மியம் போன்ற உலோகமோ, எதுவாயினும் பெரும்பாலும் இந்த ஒரே வழியில்தான் புகுகிறது: தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன, அவை டிஎன்ஏ இழையை அறுக்கின்றன. கருமுட்டை ஓரளவு உடைவைச் சரிசெய்துகொள்ளும்; அளவு மிஞ்சினால் கரு தங்காமல் போகலாம்.

இதில் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. ஒரு விந்தணு உருவாவதற்கு ஏறத்தாழ 74 நாட்களும், அது முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்களும் ஆகின்றன. அதாவது இன்று இருக்கும் அணு, கடந்த மூன்று மாதங்களில் அந்த ஆண் மூச்சில் இழுத்ததையும் கையாண்டதையும் சுமந்திருக்கிறது. விந்தணுக்களை உருவாக்கும் மூல அணுக்கள் சிதையாத வரை, புகையையும் நஞ்சையும் விட்டு விலகியவருக்கு அடுத்த மூன்று மாதத்து அணு புதிதாகவே உருவாகிறது. கருத்தரிப்புக்கு முந்தைய இந்தக் காலத்தை நாம் பெண்ணின் பொறுப்பாக மட்டும் கருதுவது தவறு என்பேன்.

பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏ உடைவை அளக்கும் சோதனை உண்டு; உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு கையேட்டிலும் விரிவான சோதனைகளின் வரிசையில் அது இடம்பெற்றிருக்கிறது. எல்லாருக்கும் அது தேவையில்லை. கரு மீண்டும் மீண்டும் கலையும் தம்பதியர் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்; கேட்கும்போது கணவர் என்ன வேலை செய்கிறார், எதைக் கையாளுகிறார், புகைப்பவரா என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.