சட்டைப்பைக்கு ஒரு மடக்குக் கத்தி

நேயர்களுக்கு வணக்கம். தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சிலர் பேனாக்கத்தி என்பார்கள், நானும் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்வேன். தோட்டக்கலைதான் என் தொழில், மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கை. அந்த வேலையில் கத்தி கூராக இல்லையென்றால் வெட்டு நசுங்கும், வெட்டு நசுங்கினால் ஒட்டு பிடிக்காது, செடி காய்ந்து நிற்கும். அதனால் கத்தியைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு விடாமல் பேசத் தோன்றும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தாரிடம் முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் எதையெல்லாம் வெட்ட வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பார்சலில் ஒட்டியிருந்த டேப், மருந்துக் கடையில் கொடுத்த இருமல் மருந்தின் மூடி உறை, மூட்டை கட்டிய சணல், பேருந்தில் வாங்கிய கொய்யாப்பழம், புதுச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டு, பால் பாக்கெட்டின் மூலை. இவ்வளவுதான். இதில் எதற்கும் மூன்று அங்குலத்துக்கு மேல் அலகு வேண்டாம். இரண்டரை அங்குலம் இருந்தாலே ஒரு முழு மாம்பழத்தைச் சுற்றிச் சுற்றி அறுத்துவிடலாம். ஆனால் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நம்மை இழுப்பது என்னவோ கறுப்புப் பூச்சு பூசி, முதுகில் பல் வைத்து, கையில் எடுத்தால் கனக்கிற பெரிய கத்திதான். அதை வாங்கியவர் ஒரு வாரம் பையில் வைத்திருப்பார், அப்புறம் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். இழுப்பறையில் இருக்கிற கத்தியால் பேருந்தில் கொய்யாப்பழம் நறுக்க முடியாது.

சரி, இப்போது நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். அலகு மெல்லியதாக இருக்க வேண்டும். கத்தி வாங்குகிறவர்கள் நீளத்தைப் பார்க்கிறார்கள், இரும்பு என்ன ரகம் என்று கேட்கிறார்கள், பிடியின் நிறத்தைப் பார்க்கிறார்கள். அலகின் முதுகு எத்தனை தடிமன் என்று பார்ப்பவர் மிகவும் குறைவு. முதுகு மூன்று மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர் இருக்கிற மடக்குக் கத்திகள் இன்றைக்கு நிறைய வருகின்றன. அதை எடுத்து ஒரு மாங்காயில் வைத்து அழுத்துங்கள். முதல் அரை அங்குலம் இறங்கும், அதற்கு மேல் கத்தி வெட்டாது, கோடரி விறகைப் பிளக்கிற மாதிரி மாங்காயைப் பிளக்கும். துண்டு தெறித்துக் கீழே விழும். கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் கூர் என்பது விளிம்பில் மட்டும் இருப்பது, அதன் பின்னால் வருகிற உடம்பும் அந்த வெட்டுக்குள் நுழைந்தாக வேண்டுமே! ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் முதுகு உள்ள கத்தி அதே மாங்காயில் சத்தமே இல்லாமல் இறங்கும். அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் வழுக்கிக் கையில் படுகிற ஆபத்தும் குறைவு. ஆகவே மறுபடியும் சொல்கிறேன், ரேடியோவில் இருப்பதால் படம் போட்டுக் காட்ட வழியில்லை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதுகு மெல்லியதா என்று பாருங்கள்.

மெல்லிய அலகுக்கு உதாரணம் கேட்டால் நான் பிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தியைத்தான் சொல்வேன். அதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஆல்ப்ஸ் மலையில் சவோய் என்றொரு பகுதி. அங்கே ஒரு சின்ன ஊரில் கோடரி, அரிவாள் மாதிரி வெட்டுக் கருவிகள் செய்கிற குடும்பம். அந்த வீட்டுப் பையன் ஜோசப் ஒப்பினெல், 1890-ல் அப்பாவின் பட்டறையில் ஒரு மடக்குக் கத்தி செய்தான், அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்காகச் செய்த கத்தி. மரப்பிடி, அதில் ஒரு பிளவு, பிளவுக்குள் அலகு, குறுக்கே ஓர் ஆணி, ஆணி இருக்கிற இடத்தில் மரம் பிளக்காமல் இருக்க ஓர் இரும்புப் பூண். வில்கூட இல்லை, மரத்தின் இறுக்கம்தான் அலகைப் பிடித்துக்கொள்ளும். 1897-ல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எண் கொடுத்து அளவு அளவாகச் செய்ய ஆரம்பித்தார்கள். எட்டாம் எண்தான் இன்றைக்கு உலகம் பூராவும் பையில் இருக்கிறது. எட்டரை சென்டிமீட்டர் அலகு, முதுகு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, மொத்த எடை ஐம்பது கிராமை ஒட்டித்தான் வரும். பூணுக்கு மேலே சுழலுகிற ஒரு வளையம் இருக்கிறது, திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955-ல்தான் வந்தது. பிடி, அலகு, ஆணி, பூண், வளையம். ஐந்தே பாகம். இதை லண்டனில் இருக்கிற விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985-ல் உலகின் மிகச் சிறந்த வடிவமைப்புள்ள நூறு பொருள்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. மலைநாட்டு விவசாயிக்குச் செய்த கத்தி!

இந்தக் கத்தியை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு விசேஷம் உண்டு. பிடி பீச் என்கிற மரத்தில் செய்தது (பழம் காய்க்கிற பீச் வேறு, இது வேறு). மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும். ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்யட்டும், நேற்று வரைக்கும் நகம் பட்டாலே திறந்த அலகு இன்றைக்கு அசையாது. நகத்தை உடைத்துக்கொள்வதுதான் மிச்சம். வாங்கிய பலர் இந்தக் கட்டத்தில் கத்தி கெட்டுப்போய்விட்டது என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். கெடவில்லை. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் வால் பக்கத்தை மேசை விளிம்பிலோ படிக்கல்லிலோ ஒரு தட்டு தட்டினால் அலகின் முதுகு கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு வரும், அதை விரலால் பிடித்து இழுத்துத் திறக்கலாம். மழைக்காலம் வருவதற்கு முன்பே பிடியின் பிளவுக்குள்ளும் ஆணி இருக்கும் இடத்திலும் ஆளிவிதை எண்ணெய் விட்டு ஊறவைத்து, துடைத்துக் காற்றில் காயவைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அப்படியும் இறுகினால் உப்புக்காகிதத்தை மடித்துப் பிளவுக்குள் விட்டு இரண்டு இழுப்பு இழுக்கலாம். தேய்ப்பதற்கு முன் மழை நிற்கிறவரைக்கும் பொறுங்கள், ஏனென்றால் சித்திரை வெயிலில் அதே மரம் சுருங்கி அலகு தளர்ந்துவிடும். இப்படி நம்ம ஊர் பருவத்தோடு சேர்ந்து மாறுகிற கத்தி அது, எனக்கு அதில் ஒரு பிரியம்.

மரம், எண்ணெய், இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு சுவிட்சர்லாந்து நாட்டு விக்டோரினாக்ஸ் இருக்கிறது. 1884-ல் கார்ல் எல்சனர் என்பவர் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை, 1891-லிருந்து அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிவப்புக் கத்தியின் மூல வடிவம் 1897-ல் வந்தது. அதில் மடக்கிய நிலையில் 58 மில்லிமீட்டர் இருக்கும் ஒரு குட்டிக் கத்தி உண்டு. சின்ன அலகு, கத்திரிக்கோல், நக அரம், முள்வாங்கி, பல்குத்தி. சாவிக்கொத்தில் மாட்டிவிட்டால் இருக்கிறதே தெரியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் 84, 91 மில்லிமீட்டர் அளவுகளில் எடுக்கலாம். இருபது கருவி இருக்கிற கொழுத்த கத்தியை எடுக்காதீர்கள், பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, பாட்டில் திறப்பான், டப்பா திறப்பான் போதும். இதற்குப் போலிகள் சந்தையில் நிறைய. அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், கருவிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எந்தக் கத்தியானாலும் காசு கொடுப்பதற்கு முன் கையில் எடுத்துத் திறந்து, அலகின் நுனியைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் போய் உட்கார வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. சுவிஸ் சிவப்புக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது, வில் அழுத்தம்தான். அறுக்கிற வேலைக்கு அது போதும். அட்டைப்பெட்டியில் நுனியால் குத்தித் துளை போடுகிற வேலை உங்களுக்கு அடிக்கடி இருந்தால் பூட்டு உள்ளதாக வாங்குங்கள், பூட்டு இல்லாத கத்தியால் குத்தினால் அலகு மடங்கி விரலில் விழும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் இரும்பு. கார்பன் ஸ்டீல் சீக்கிரம் கூராகும், ஆனால் எலுமிச்சை, மாங்காய் நறுக்கித் துடைக்காமல் வைத்தால் கறுக்கும், கடற்கரை ஊர்களில் துருவும் பிடிக்கும். எவர்சில்வர் ரகம் அந்தக் கவலையைக் குறைக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், எவர்சில்வர்தான். மிகவும் கடினமான விலை உயர்ந்த உலோக ரகங்கள் கூரை நீண்ட நாள் வைத்திருக்கும், உண்மைதான். ஆனால் மழுங்கிய பிறகு அதைத் தீட்ட வைரத்துகள் பதித்த கல் வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இருபக்கத் தீட்டுக்கல்லில் நீங்களே தீட்டக்கூடிய இரும்பு எதுவோ அதுதான் உங்கள் இரும்பு.

தீட்டுவது எப்படி என்று இரண்டு வார்த்தை. கல்லை நனையுங்கள், முரட்டுப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். கத்தியைப் படுக்கையாக வைத்து, முதுகை மட்டும் மூன்று ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கிய உயரம் தூக்குங்கள். அந்தச் சாய்வு மாறாமல், கல்லின் மேல் ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுப்பதாக நினைத்துத் தள்ளுங்கள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் விரலுக்கு ஒரு பிசிறு தட்டுப்படும். விரலை விளிம்பின் ஓரமாக ஓட்டாதீர்கள், முதுகிலிருந்து வெளியே தள்ளித் தடவுங்கள். பிசிறு வந்ததும் பக்கம் மாற்றுங்கள், பிறகு நைசுப் பக்கம், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி நாலு இழுப்பு. கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத ஒரு வளையம் இருக்குமே, அதில் தீட்டலாம். தெருவில் வருகிற சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுங்கள், அரிவாள்மனையைக் கொடுங்கள், அவர் கைத்திறனுக்கு ஈடில்லை. மெல்லிய மடக்குக் கத்தியை மட்டும் கொடுக்க வேண்டாம். வேகமாகச் சுற்றுகிற சக்கரத்தில் மெல்லிய அலகு சட்டென்று சூடேறும், விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு கூர் நிற்காது. மெல்லிய அலகு, அதை நாமே தீட்டுவது, இந்த இரண்டும் சேர்ந்தே போகும்.

நேரம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். எப்படிக் கூட வைத்துக்கொள்வது என்பதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். பேன்ட் போடுகிறவர்களுக்குக் கவலையில்லை. வேட்டி கட்டுகிறவர்கள் சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது விழும், பச்சை பெல்ட்டின் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். பெண்கள் கைப்பையில் போட்டால் அடியில் போய்த் தேட வேண்டியிருக்கும், ஜிப் உள்ள உள்ளறையில் வையுங்கள். பிடியில் கொக்கி வைத்து வெளியே தெரிகிற மாதிரி மாட்டுகிற கத்திகள் உண்டு, கூட்டத்தில் பார்ப்பவர்களுக்கு அது கலக்கம் தரும், வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், சுருக்கமாகத்தான் முடியும். நம் நாட்டின் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியல், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைக் குறிக்கிறது, நாம் பேசுகிற கத்தி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் நீதிமன்றம், மெட்ரோ ரயில் மாதிரி சோதனை உள்ள இடங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்கில் போடுகிற பெட்டியில்தான். சாவிக்கொத்தில் மாட்டிய குட்டிக் கத்தியை மறந்து விமான நிலையத்தில் பறிகொடுப்பவர்கள் ஏராளம், முதல் நாள் ராத்திரியே கழற்றி வையுங்கள். பிரிட்டனில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்குப் பூட்டுள்ள கத்தியைப் பரிசாக அனுப்பாதீர்கள். அங்கே தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள, அலகு மூன்று அங்குலத்துக்குள், பூட்டு இல்லாமல் மடங்குவதாக இருக்க வேண்டும். நான் இவ்வளவு புகழ்ந்த எட்டாம் எண் ஒப்பினெல் இரண்டு வகையிலும் அங்கே அடங்காது.

சிறுவர்களுக்கு எந்தக் கத்தி, எந்த வயதில் என்று ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது, அதற்கு நேரமில்லை. ஒன்று மட்டும். அதே ஒப்பினெல்லில் ஏழாம் எண்ணில் நுனி வட்டமாக ஒரு கத்தி வருகிறது, பூட்டும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து முதலில் வெள்ளரிக்காய் நறுக்கச் சொல்லிக் கொடுங்கள். வணக்கம்.