ஓரத்து மேசைக்குப் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர், பூக்களாலேயே கட்டிய மயிலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதிலேயே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். மயில் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் கால்கள் நேராக ஓரத்து மேசைகளுக்குத்தான் போகும். வீட்டு மாடியிலும் சன்னலோரத்திலும் விசித்திரமான செடிகளை வளர்க்கும் ஆர்வலர்கள் தங்கள் தொட்டிகளை அங்கேதான் வைத்திருப்பார்கள்.

அங்கே ஸ்டபீலியா என்ற செடி பூத்திருந்தால் உங்களுக்கு யோகம். ஐந்து முனை நட்சத்திரம். தடித்த இதழ்கள், குறுக்கே மெல்லிய வரிகள், ஓரங்களில் மயிர். ஆசையாகக் குனிந்து முகர்ந்தால் அழுகிய இறைச்சியின் வாடை! பலரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நகராதீர்கள். பூவின் நடுவில் உற்றுப் பாருங்கள். சில சமயம் வெள்ளை வெள்ளையாகப் பொடி முட்டைகள் தென்படும். இறைச்சி என்று நம்பி ஈ இட்டுவிட்டுப் போனவை. பொரிந்து வரும் புழுவுக்கு அங்கே சாப்பாடு கிடையாது. பூவுக்கோ மகரந்தம் கொண்டுபோக ஆள் கிடைத்தாயிற்று. இதைவிடப் பச்சையான மோசடி உண்டா?

விநோதமான பூ எதைப் பார்த்தாலும், 'நீ யாரைக் கூப்பிடுகிறாய்?' என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்வேன். அந்தக் கேள்வியோடு பார்த்தால் ரசனையே வேறு.

மடகாஸ்கர் தீவின் வெள்ளை ஆர்க்கிட் ஒன்று இருக்கிறது. பூவின் பின்புறம் ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்குக் குழல் தொங்கும். தேன் இருப்பது அதன் அடியில். 1862இல் சார்லஸ் டார்வின் இதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீள உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி அந்தத் தீவில் இருந்தாக வேண்டும் என்று எழுதினார். அப்படி ஒரு பூச்சியை அறிவியல் உலகம் பதிவுசெய்தது 1903இல். டார்வின் காலமாகி 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தப் பூ இரவில்தான் மணக்கும். பகல் கண்காட்சியில் மணமில்லையே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம்.

எல்லாச் செடியும் கூப்பிடும் ரகமல்ல; ஒளிந்துகொள்ளும் ரகமும் உண்டு. தென் ஆப்பிரிக்காவின் லித்தாப்ஸ் செடியைக் கூழாங்கற்களோடு தொட்டியில் வைத்திருந்தால், எது கல், எது இலை என்று விரலால் தொட்டுத்தான் சொல்ல முடியும். வளர்த்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஆனால் இலையை மூடிப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடியைத் தொடவே வேண்டாம். இலைக்குள் இருக்கும் நுண்மயிரை, சுமார் 20 விநாடிக்குள் இரண்டு முறை எதாவது தீண்டினால்தான் அது மூடும். மழைத்துளிக்கெல்லாம் ஏமாறாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. மூடித் திறப்பது அந்தச் செடிக்குப் பெரிய செலவு. சில முறை வீணாக மூடினால் அந்த இலை ஓய்ந்துபோகும். கண்காட்சி முடிவதற்குள் பார்வையாளர்களின் விரல் விளையாட்டிலேயே பாதி இலைகள் கருகிக் கிடப்பதைப் பார்க்கையில் எனக்குக் கோபம் வரும்.

ஆசைப்பட்டு அதில் ஒரு தொட்டியை வாங்கினால், குழாய்த் தண்ணீர் வேண்டாம், உரமும் வேண்டாம். சத்தில்லாத சதுப்பு மண்ணில் பிறந்த செடி அது. மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்.