இரவு இரண்டு மணிக்கு உங்கள் கட்டடத்தில் என்ன ஓடுகிறது?

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குத் தருமபுரியில், ஒரு நான்கு மாடி வணிகக் கட்டடத்தின் மீட்டர் அறையில் நின்றுகொண்டு பேசுகிறேன். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், ஒரு டியூஷன் சென்டர். பொது மீட்டருக்கு வரும் கரண்ட் பில்லை எல்லாரும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். பில் ஏறிக்கொண்டே போகிறது, சோலார் போடலாமா என்று கேட்டுத்தான் கூப்பிட்டார்கள். நான் சொன்னது ஒன்றுதான். சோலார் அப்புறம். முதலில் ராத்திரிக் கணக்கைப் பார்ப்போம்.

ஏன் ராத்திரி? பகலில் ஆள் இருக்கிறார்கள், வேலை நடக்கிறது, கரண்ட் செலவாவதில் நியாயம் இருக்கிறது. கடையெல்லாம் பூட்டிய பிறகும் ஓடுகிற கரண்டுக்கு யார் பொறுப்பு? அதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. மாதக் கடைசியில் வரும் ஒற்றை எண்ணில் பகலும் இரவும் கலந்துவிடும். ஸ்மார்ட் மீட்டர் அதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை எவ்வளவு ஓடியது என்று பதிவு செய்துகொண்டே இருக்கும். கால் மணிக் கணக்கு என்றால் ஒரு நாளைக்கு 96 எண்கள். அதை வரைபடமாகப் போட்டால் கட்டடத்தின் ஒரு நாள் முழுக்கத் தெரிந்துவிடும்.

இதோ திரையில் பாருங்கள், இந்தக் கட்டடத்தின் வரைபடம். காலை ஒன்பதரைக்குக் கோடு சட்டென்று ஏறுகிறது, கடை திறக்கும் நேரம். இரவு பத்துக்கு இறங்குகிறது. எங்கே வந்து நிற்கிறது பாருங்கள், 4 கிலோவாட். உள்ளே ஒரு ஆள் இல்லை. இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை பத்து மணி நேரம் என்றால் 40 யூனிட். மாதத்துக்கு 1200 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டாயிரம் ரூபாய், பூட்டிய கட்டடத்துக்கு! சோலார் பேனல் பகலில்தான் கரண்ட் தரும். இந்த ராத்திரி ஓட்டத்தை அது நிறுத்தாது.

சரி, எதுவெல்லாம் ஓடுகிறது? கண்டுபிடிக்கும் வழி ரொம்பச் சுலபம். கடை பூட்டிய பிறகு, எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு, டி.பி. போர்டில் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியில்) எம்.சி.பி. என்னும் சுவிட்சை ஒவ்வொன்றாக இறக்கி, மீட்டரில் எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். சிசிடிவி, லிஃப்ட், தீயணைப்பு பம்ப் இணைப்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். இங்கே மாடிக்கு ஒன்றாக வைத்திருக்கும் தண்ணீர் கூலர்கள் ராத்திரி முழுக்கக் குளிர்வித்துக்கொண்டே இருந்தன. முகப்பில் பழைய போர்டுக்குள் டியூப் லைட்டுகள் விடிய விடிய எரிந்தன. இரண்டுக்கும் டைமர் போட்டாயிற்று.

எனக்கு இங்கே பிடித்த விஷயம் வேறொன்று. வரைபடத்தைக் கொஞ்சம் பெரிதாக்குகிறேன். ராத்திரிக் கோடு நேராக இல்லை. நடுநடுவே பல் மாதிரி ஏறி இறங்குகிறது, கிட்டத்தட்ட சம இடைவெளியில். விட்டுவிட்டு ஓடும் மோட்டார்தான் இப்படிக் காட்டும். சம்ப்பிலிருந்து, அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தொட்டியிலிருந்து, மேல் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் அது. தொட்டியில் மட்டம் குறைந்தால் தானாக ஓடும். ஆனால் கட்டடத்தில் யாருமே இல்லாதபோது மட்டம் ஏன் குறைய வேண்டும்?

கழிவறைகளின் ஃபிளஷ் தொட்டிகளில் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருந்தோம். இரண்டாவது மாடியில் இரண்டு கழிவறைகளில், யாரும் ஃபிளஷ் பண்ணாமலே கிண்ணத்தில் நீலம் இறங்கியது. உள்ளே வாஷர் தேய்ந்து, சத்தமில்லாமல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. போர் தண்ணீர் எத்தனை அடி ஆழத்துக்குப் போய்விட்டது, லாரித் தண்ணீர் என்ன விலை என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கரண்ட் கணக்கைப் பார்க்கப் போய்த் தண்ணீர் ஒழுகுவது பிடிபட்டது. வாஷர் மாற்றிய மறுநாள் வரைபடத்தில் அந்தப் பற்கள் இல்லை. வாட்ச்மேன் அண்ணனிடம் போனில் காட்டியபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“எங்களுக்கு இன்னும் ஸ்மார்ட் மீட்டர் வரவில்லையே” என்பவர்களுக்கு ஒரு வழி. இப்போது இருக்கும் எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், பத்து மினுக்குக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால், அந்த நேரத்தில் ஓடும் வாட்ஸ் கிடைக்கும். 45 விநாடி ஆனால் 250 வாட்ஸ். 1600 என்று இருந்தால் 22,500-ஐ வகுக்க வேண்டும். சி.டி. (கரண்டைக் குறைத்து மீட்டருக்குக் காட்டும் கருவி) வைத்த பெரிய இணைப்பு என்றால் வரும் விடையை மீட்டரின் பெருக்குத்தொகையால் பெருக்க வேண்டும், அதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரழுத்த இணைப்பில் பெரிய அளவில் கரண்ட் வாங்கும் புளிக் குளிர்பதனக் கிடங்குக்காரர்கள், ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை நடத்துபவர்கள் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். உங்கள் கட்டணத்தில் உச்ச நேரத்துக்குக் கூடுதல் விலை, ராத்திரிக்குத் தள்ளுபடி என்று நேரத்துக்கு நேரம் மாறுகிறது. கிடங்கின் குளிரை ராத்திரியிலேயே நன்றாக இறக்கி வைத்து, மாலை உச்ச நேரத்தில் கம்ப்ரஸரைக் குறைத்து ஓட்ட முடியுமா என்று ஆபரேட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் புளி சீக்கிரத்தில் சூடேறிவிடாது. டிமாண்ட் கட்டணத்தையும் பாருங்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் இழுக்கிறோம் என்பதற்குக் கட்டும் பணம் அது. குறைவாக இழுத்தாலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்காவது பணம் கட்டியாக வேண்டும். வருடம் முழுக்க எடுத்த டிமாண்டைப் பார்த்தால், தேவைக்கு மேல் வாங்கி வைத்திருக்கிறோமா என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரே வரி: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் விலைச் சலுகை குறைந்துவிடும், அதனால் ஒரு மாதம் முடிந்ததும் ரீடிங்கை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மீட்டர் கணக்கைக் காட்டும் ஆப்பைப் போனில் சும்மா இறக்கி வைத்தால் பத்துப் பைசா குறையாது. வாரத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். இந்தக் கட்டடத்தில் அந்த வேலையை வாட்ச்மேன் அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வீடியோ கிருஷ்ணகிரியில், ஒரு புளிக் கிடங்குக்குள்ளிருந்து. கம்ப்ரஸர் கணக்கு முழுவதையும் அங்கே போட்டுக் காட்டுகிறேன்.