சோடா மாவு, வினிகர் நுரை சிங்க் அடைப்ப எடுக்குமா? ஆட்டுக்கொழுப்ப வச்சே காட்டுறேன்!

வணக்கம் மக்களே! சிங்க்ல தண்ணி இறங்காம குளமா நிக்குதா? ப்ளம்பருக்கு போன் அடிக்கறதுக்கு முன்னாடி இத முழுசா பாருங்க.

எல்லாரும் சொல்ற வைத்தியம் ஒண்ணுதான், சோடா மாவ கொட்டு, வினிகர ஊத்து, நுரை பொங்கும், அடைப்பு போயிரும். சரி, இந்த க்ளாஸ பாருங்க. நேத்து வச்ச ஆட்டு சூப்புல மேல மிதந்த கொழுப்பு இது, ஐஸ்பெட்டில வைக்கவே இல்ல, குசினி மேசையில சும்மாதான் இருந்துச்சி, ஆனா வெள்ளையா உறைஞ்சி போச்சி, ஸ்பூனால கீறினா மெழுகு மாதிரி செதில் செதிலா வருது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, தேங்காய் எண்ணெய் உருக 24, 25 டிகிரி இருந்தா போதும், அதனால நம்ம கோலாலம்பூர் சூட்டுல அது உறையறதே இல்ல, ஆனா ஆட்டுக்கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல வேணும்! அப்ப பைப் உள்ள போனா அது கெட்டியாகி ஒட்டிக்கும், சோத்துப் பருக்கை, தேத்தூள் எல்லாம் அதுமேல வந்து உக்காந்துக்கும்.

இப்ப சோடாவும் வினிகரும் போடுறேன். பொங்குது பாருங்க, அழகா இருக்குல்ல? அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்ஸைடு. வினிகர்ல இருக்க அமிலமும் சோடால இருக்க காரமும் ஒண்ண ஒண்ணு அடிச்சிகிட்டு கடைசில சோடியம் அசிடேட்ங்கற உப்பு கலந்த தண்ணிதான் மிச்சம். கொழுப்பு? அப்படியே இருக்கு! நாத்தத்துக்கு வேணா கொஞ்சம் உதவும், அடைப்புக்கு இத நம்பாதீங்க.

வேலை செய்யறது பாத்திரம் கழுவுற சோப்பும் சுடுதண்ணியும்தான். நிக்கிற தண்ணிய மொண்டு எடுத்துட்டு சோப்ப தாராளமா ஊத்துங்க, கெட்டில்ல கொதிச்ச தண்ணி ரெண்டு பங்கு, பைப் தண்ணி மூணு பங்கு கலந்து மெதுவா விடுங்க. கொதிக்க கொதிக்க ஊத்தாதீங்க, பிவிசி பைப்புக்கு 60 டிகிரிக்கு மேல ஆகாது. அப்புறம் ரப்பர் பம்ப வச்சி நல்லா அமுக்கி இழுங்க, ரெட்டை சிங்க்னா இன்னொரு ஓட்டைய ஈரத்துணியால கண்டிப்பா அடைங்க, இல்லன்னா அழுத்தம் அந்தப் பக்கமா போயிரும்.

அப்பவும் போகலன்னா கீழ வாளிய வச்சி வளைஞ்ச பைப்ப கழட்டி கழுவுங்க. பாத்ரூம்ல முடி அடைச்சிருந்தா கொக்கி விட்டுத்தான் இழுக்கணும், முடி சோப்புக்கு கரையாது.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன், வினிகர் ஊத்துன எடத்துல க்ளோரோக்ஸ் மாதிரி ப்ளீச் ஊத்தாதீங்க, குளோரின் வாயு வரும், நெஞ்ச அடைக்கும், சின்ன பாத்ரூம்ல ரொம்ப ஆபத்து.

சூப் சட்டிய கழுவறதுக்கு முன்னாடி டிஸ்யூவால தொடச்சி குப்பையில போடுங்க. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஃப்ளாட்டுல இருக்கவங்க, மேல் வீட்டு கொழுப்பு கீழ் வீட்டு ஆன்ட்டி பைப்புல போய்தான் அடைக்கும், அதனால இத உங்க ஃப்ளாட் வாட்ஸ்அப் க்ரூப்புல இப்பவே ஷேர் பண்ணி விடுங்க!