மீதியை வெள்ளித்திரையில் காண்க
(பழைய படங்கள், கைவேலைப் பொருட்கள் கண்காட்சியின் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கண்காட்சியைத் திறந்து வைத்ததோடு கிளம்பிவிடாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகராட்சி மண்டலத் தலைவர் அவர்களே, நூலகத் துறை அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த நிர்வாகி அவர்களே, கடை போட்டிருக்கும் சுங்குடிக்காரர்களே, பொம்மை செய்பவர்களே, பெட்டிக்கு வர்ணம் அடிப்பவர்களே, எல்லாருக்கும் வணக்கம். மண்டலத் தலைவருக்கு மட்டும் இன்னொரு வணக்கம். அதற்கான காரணம் பேச்சு முடிவதற்குள் அவருக்கே புரிந்துவிடும். யாராவது அவருக்கு ஒரு டீ கொடுங்கள், அவர் எழுந்து போய்விடக் கூடாது.

இன்று மூன்று விஷயம் பேசப் போகிறேன். பழைய படத்தை எப்படி ரசிப்பது, கைவேலைப் பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது, படச்சுருளை எப்படிப் பாதுகாப்பது. மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பழமொழிதான் இருக்கிறது. நிழலின் அருமை வெயிலில் தெரியும். என் வீட்டில் இதை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். உங்களால் போக முடியாது, தலைவர் கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ். 1931 அக்டோபர் 31இல் சென்னையில் வெளியானது. டி.பி. ராஜலட்சுமி நாயகி. அவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம். ஜனங்கள் அதையும் ரசித்துத்தான் பார்த்தார்கள். அந்தப் படம் இன்று எங்கே? ஒரு பிரதிகூட இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படமான கீசக வதமும் போயிற்று. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட்டில் செய்தது, வெடுக்கென்று தீப்பிடிக்கும். தீயில் தப்பியதை வெள்ளி எடுப்பதற்காக எடைக்குப் போட்டார்கள். படம் ஓடி முடிந்தால் அது வெறும் தகரப் பெட்டி என்று நினைத்த காலம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது இதுதான்.

அப்படிப்பட்ட படங்களைப் பற்றி நமக்கு இன்று இவ்வளவாவது தெரிகிறது என்றால், அதில் பாட்டுப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற, சாணிக் காகிதத்தில் அச்சடித்த புத்தகம். கதைச் சுருக்கம் போட்டு, நாயகியை வில்லன் கடத்திக்கொண்டு போகும் இடத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்கள். இன்று வெள்ளித்திரையில் காண மீதியே இல்லை. பாட்டுப் புத்தகம்தான் மிச்சம்.

அதைச் சேர்த்து வைத்தவர்களில் ஒருவரைச் சொல்லியே ஆகவேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்களும் பிரசுரங்களும் சேர்த்தார். இலக்கியம், வைத்தியம், நாடகம், சினிமா நோட்டீஸ் என்று எதையும் ஒதுக்கவில்லை. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, கடல் கடத்திக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. நூலகத் துறை அலுவலர் தலையாட்டுகிறார், அவருக்குத் தெரியும். ஆனால் முத்தையா என்ன தொழில் செய்தார் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பேராசிரியர் இல்லை, பண்டிதர் இல்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். தூரிகை பிடித்த கைதான் அந்தக் காகிதங்களின் மதிப்பை உணர்ந்தது. இதை நான் சும்மா சொல்லவில்லை. மண்டலத் தலைவர் அவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, முதல் விஷயத்துக்கு வருகிறேன். பழைய படம் பார்க்கிறவர்கள் பாட்டையும் வசனத்தையும் ரசிப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது டைட்டிலை. நாம் ‘ஸ்கிப்’ அழுத்தும் இடம். எழுத்து ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து கையால் வரைந்திருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு ‘ற’ வந்தால் இரண்டையும் உற்றுப் பாருங்கள், ஒன்றின் கால் இன்னொன்றைவிட நீளமாக இருக்கும். அப்புறம் செட். 1948இல் வாசன் எடுத்த சந்திரலேகாவில் அந்த முரசு நடனத்துக்கு எத்தனை தச்சர்கள், எத்தனை வர்ணக்காரர்கள் உழைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஒரு முரசு செய்து, அதை நூறாகப் பெருக்கிய வேலை இல்லை அது. எண்ணி எண்ணிச் செய்த முரசுகள். கதை எனக்குப் பாதி மறந்துவிட்டது, முரசுகள் மறக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் தியேட்டர் கதை ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

அங்கே பேனர் எழுதியவரைப் பெயின்டர் மாமா என்போம். பள்ளி விட்டதும் தியேட்டர் பின்னால் இருந்த கொட்டகைக்கு ஓடுவோம். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, வஜ்ரப் பசை காய்ச்சி வெள்ளை கலந்து பூசிக் காயவிடுவார். ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டம், துணியில் சாக்பீஸால் கட்டம். ஒரு கட்டத்துக்குள் ஒரு கண் மட்டும் இருக்கும். கன்னத்தில் பச்சை, நெற்றியில் ஊதா, மூக்கில் ரோஸ். கிட்டத்தில் பார்த்தால் என்னடா இது என்று இருக்கும். ரோட்டைத் தாண்டி நின்றால் நாயகி சிரிப்பாள்.

துணி விலைக்கு எங்கே போவது? ஒரு படம் போனதும் அதே துணியில் வெள்ளை அடித்து அடுத்த படத்தை எழுதுவார்கள். ஒருமுறை ஒரு படம் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. முதலாளி வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, விடிந்தால் புதுப் பேனர் வேண்டும் என்கிறார். மாமா அவசரத்தில் வெள்ளையை ஒரே பூச்சுப் பூசி, முழுசாகக் காயும் முன்னாலேயே நாயகி முகத்தை எழுதி ஏற்றிவிட்டார். வெள்ளி, சனி நன்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது பாருங்கள், திங்கட்கிழமை காலையில் வாசலில் மல்லிகைப் பூ விற்கும் அக்கா கத்துகிறாள்: “ஏ மாமா, உங்க நாயகிக்கு மீசை முளைச்சிருச்சு!”

நிமிர்ந்து பார்த்தால் உண்மைதான். போன படத்து வில்லனின் முறுக்கு மீசை அடியிலிருந்து கிளம்பி, நாயகியின் உதட்டுக்கு மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ரோட்டில் கூட்டம். ரசிகர் மன்றத்துக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். முதலாளி பேனரை இறக்கச் சொல்கிறார். மாமா பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, “இறக்கினா வாசல் வெறிச்சுன்னு ஆயிரும் மொதலாளி, அரை மணி நேரம் குடுங்க” என்று ஏணியில் ஏறினார். கட்டம் இல்லை, போட்டோ இல்லை. நேராகத் தூரிகையை வைத்தார். அந்தப் பெண்ணின் கையை மேலே தூக்கி, சேலைத் தலைப்பை எடுத்து, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற மாதிரி எழுதிவிட்டார். மீசை முந்தானைக்குள் போய்விட்டது!

கதை இன்னும் முடியவில்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் டிக்கெட் கவுன்டரில் தகராறு செய்தார்கள். “அந்த முந்தானையால வாயை மூடுற சீனை ஏன்யா வெட்டுனீங்க?” என்று.

சிரித்து முடித்துவிட்டீர்களா? அந்த அரை மணி நேர வேலையை எந்தப் பிரின்டர் மிஷின் செய்யும்? ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்தக் கைகளுக்கு வேலை போயிற்று. பாதிப் பேர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார்கள். நம் மதுரையிலேயே தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்தது. அது போய்விட்டதே என்று இன்று புலம்புகிறோம். கட்டடம் போனால் போனதுதான். எழுதுகிற கை இன்னும் இருக்கிறது. நிழலின் அருமையை, மரம் நிற்கும்போதே தெரிந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

கைவேலைப் பொருளுக்கு வருகிறேன். இப்போது ‘வின்டேஜ்’ என்று சீட்டு ஒட்டினாலே விலை இரண்டு மடங்கு. வேறொரு கண்காட்சியில் ‘கையால் வரைந்த பழைய சினிமா போஸ்டர்’ என்று ஒன்றை விற்றார்கள். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், முழுக்கப் பிரின்டர் புள்ளி. தூரிகை பட்டிருந்தால் வர்ணம் ஓரத்தில் திரண்டிருக்கும், துணியின் பின்பக்கம் எண்ணெய் ஊறியிருக்கும். சுங்குடியும் அப்படித்தான். 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. நகத்தால் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சௌராஷ்டிர வீட்டுப் பெண்களின் விரல் வேலை. அச்சில் அடித்த புள்ளி எல்லாம் ஒரே அளவில் வரிசையாக நிற்கும். கட்டிய புள்ளி ஒன்று சிறுத்து ஒன்று கோணி இருக்கும், தடவினால் முடிச்சின் சுருக்கம் விரலில் தட்டும். மூன்றாவது கடையில் இருக்கிறது, தடவிப் பாருங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தலையாட்டி பொம்மை, வர்ணம் அடித்த டிரங்குப் பெட்டி பற்றியும் சொல்ல இருந்தேன். தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார்.

படச்சுருள் பாதுகாப்பை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது, பி.கே. நாயர் என்ற மனிதர் அதற்காகவே வாழ்ந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மண்டலத் தலைவர் அவர்களுக்கு. ஐயா, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாநகராட்சியின் பூங்கா, பள்ளி, நூலகம் ஆகியவற்றின் பெயர்ப்பலகைகளை இனிமேல் ஃபிளெக்ஸில் அடிக்காமல், கையால் எழுதுகிற உள்ளூர் ஓவியர்களுக்குக் கொடுங்கள். பழையதாகிக் கிழிந்தால் ஃபிளெக்ஸ் சாக்கடையை அடைக்கும், தகரப் பலகைக்கு மறுபடி வர்ணம் அடித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் காதுகுத்து, கல்யாணம் என்றால் ஒரே ஒரு பேனராவது கையால் எழுதச் சொல்லுங்கள். மாப்பிள்ளை முகம் கொஞ்சம் பச்சையாக வரும், பரவாயில்லை.

மனு டீ மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மண்டலத் தலைவர் கிளம்புவதற்குள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், அதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆறரை மணிக்கு எஸ். பாலசந்தரின் அந்த நாள், 1954. அதில் பாட்டே கிடையாது. பாட்டு வரும்போது எழுந்து வெளியே போய் வரலாம் என்று நினைத்திருப்பவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.